மூன்றாவது கிடா

போடிநாயக்கனூரைச் சுற்றி எந்த ஊரில் கிடா வெட்டு என்றாலும் சரி, காதுகுத்து என்றாலும் சரி, சமையலுக்கு முதலில் ரோஜாவைத்தான் கூப்பிடுவார்கள். பி.காம். படித்தவள். படிப்பு முடிந்ததும் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். வடக்கேயிருந்து காய் வாங்க வருகிற சேட்டுகளோடு பேசிப் பேசி இந்தியும் ஒரு மாதிரி வந்துவிட்டது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்பது அவள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. தேவாரத்தில் அக்கா மகள் காதுகுத்துக்கு வருவதாகச் சொன்ன சமையல்காரர் வராமல் போய்விட, கறி வெட்டிக் குவிந்து கிடக்க, சொந்தக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ரோஜா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டா முன்னால் போய் நின்றாள். அன்றைக்குப் பிடித்த கரண்டியை அதற்கப்புறம் அவள் கீழே வைக்கவில்லை.

புருசன் லிங்கேஸ்வரன் குரங்கணிக்கும் போடிமெட்டுக்கும் ஜீப்பு ஓட்டுகிறவன். எஸ்டேட் ஆட்களையும் லோடையும் ஏற்றி இறக்குவதுதான் அவன் சோலி. நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அவனுக்கு அது அதிகம். மிச்சத்தை எல்லாம் ரோஜா பேசிவிடுவாள். யாராவது போன் போட்டு "இப்படி ஒரு சமையல்" என்று ஆரம்பித்தாலே "முடியும்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் என்ன சமையல் என்றே கேட்பாள்.

சபரிமலை மாலையெல்லாம் கழற்றி, கறிக்கடைகளில் கூட்டம் திரும்பியிருந்த ஒரு தை மாதப் புதன்கிழமை, குரங்கணி வெள்ளைத்துரை அவளைக் கூப்பிட்டார். காப்பியும் ஏலமும் போட்டிருக்கிற தோட்டக்காரர். மலையேற வருகிறவர்கள் தங்குவதற்கு ஆற்றோரத்தில் அறைகள் கட்டிவிட்டிருந்தார்.

"ரோஜா, வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு முப்பத்தஞ்சு பேருக்குக் கறி விருந்து..."

"முடியும்ணே."

"முழுசாக் கேளு தாயி. என் சமையக்காரன் கேட்டுட்டு ஊருக்கே ஓடிட்டான். வர்றவங்க பம்பாய்ப் பக்கத்துல தானேங்கற ஊர்க்காரங்க. யூதருங்க. பொண்ணு மாப்பிள்ளைக்கு நிச்சயம் முடிச்சுட்டு, ரெண்டு வீட்டாளுகளும் ஒண்ணா சுத்திப் பார்க்க வந்திருக்காங்க. மூணாறுல இருந்து நாளைக்கு இங்க இறங்குறாங்க. சாப்பாடு கோஷரா இருக்கணுமாம்."

"கோசாரமா? சாப்பிட எதுக்குண்ணே ஜாதகம்?"

"கோசாரம் இல்ல, கோஷர். அவங்க மதத்துல எதைத் திங்கலாம், எதைத் திங்கக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு. அதைப் பார்க்குறதுக்குன்னே கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றாங்க. வெள்ளிக்கிழமை பொழுது அடைஞ்சதும் அவங்களுக்கு ஓய்வு நாள் ஆரம்பம். அதுக்கப்புறம் அடுப்புப் பத்த வைக்கவோ சமைக்கவோ கூடாதாம். அதுக்குள்ள எல்லாம் தயாரா இருக்கணும். யோசிச்சுச் சொல்லு."

யோசிப்பதா? ரோஜாவுக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வருடமாக ஒரே சீரகம், ஒரே மிளகு, ஒரே கிடா விருந்து. இது வரைக்கும் காதில் விழாத ஒரு சமையல் தன் வாசலுக்கு வந்திருக்கிறது! போனை வைத்ததும் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "என்னங்க, வண்டியைத் துடைச்சு வைங்க" என்றாள்.

மறுநாள் காலையிலேயே அந்த ஆள் மற்றவர்களுக்கு முன்னால் போடிக்கு வந்து இறங்கினார். பெயர் பெஞ்சமின். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, நரைத்த குறுந்தாடி, தலையில் வட்டமாக ஒரு சின்னத் தொப்பி. கையில் நீளமான ஒரு மரப்பெட்டி. மராத்தி கலந்த இந்தியில் பேசினார். ரோஜா போடி கலந்த இந்தியில் பேசினாள். ரெண்டும் எப்படியோ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அவர் அவளைத் தங்கச்சி என்றார். அவள் அண்ணே என்றாள்.

முதல் வேலையே அவளுக்குப் பிடித்துப்போனது. பாத்திரம் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்றார். அவர்கள் செலவில் அண்டா, குண்டா, கரண்டி, மிக்சி ஜார் எல்லாம் வாங்கி ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு மீன் மார்க்கெட். வைகை அணை மீன் வந்திருந்தது.

"மீன்ல செதிலும் இருக்கணும், துடுப்பும் இருக்கணும்" என்று சொல்லி, பெஞ்சமின் ஒரு கட்லாவைத் தூக்கி நகத்தால் சுரண்டினார். செதில் தோலைக் கிழிக்காமல் தனியாக உரிந்து வந்தது. "இது ஆகும்."

ரோஜா பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு கெளுத்தியைத் தூக்கிக் காட்டினாள். வழுவழுவென்று மீசையோடு தொங்கியது. "இது?"

"செதில் எங்க இருக்கு? ஆகாது."

"இறால்? நண்டு?"

"ரெண்டும் ஆகாது."

"விரால்?"

அதைச் சுரண்டிப் பார்த்து, "ஆகும்" என்றார். ரோஜாவுக்கு இது பரீட்சை எழுதுவதைவிட ருசியாக இருந்தது. கடைசியாக அயிரையை அள்ளி நீட்டினாள். அயிரைக் குழம்பு என்றால் போடியில் உயிரைக் கொடுப்பார்கள். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, விரல் நீளத்துக்கு நெளிகிற அந்த மீனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியல தங்கச்சி. செதில் இருக்கா இல்லையான்னே என் கண்ணுக்குப் பிடிபடல. தெரியாததைத் தொட வேண்டாம்."

மார்க்கெட்டே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கட்லாவை முழுசாக, செதிலோடு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

அங்கிருந்து தேவாரத்துக்கு. அங்கே மருதாயி என்கிற ஆட்டுக்காரியிடம்தான் ரோஜா எப்போதும் கிடா பிடிப்பாள். போகிற வழியெல்லாம் ஜீப்புக்குள் கேள்வி மழை.

"மிருகத்துக்கு ரெண்டு அடையாளம்" என்றார் பெஞ்சமின். "குளம்பு முழுசா ரெண்டாப் பிளந்திருக்கணும். தின்னதை மறுபடி வாய்க்குக் கொண்டாந்து அசை போடணும். ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் ஆகும். ஆடு, செம்மறி, மாடு, மான்."

"குதிரை?"

"குளம்பு ஒத்தை. அசையும் போடாது."

"முயலு? அது எப்பவும் வாயை ஆட்டிக்கிட்டேதானே இருக்கு?"

அவர் சிரித்தார். "எங்க வேதத்துலயும் அது அசை போடுதுன்னுதான் இருக்கு. ஆனா குளம்பு இல்லையே. ஒட்டகமும் அப்படித்தான்: அசை போடும், குளம்பு சரியாப் பிளக்கல. பன்னிக்கு நேர் தலைகீழ். குளம்பு அழகாப் பிளந்திருக்கும், அசை போடாது. ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லாததுன்னு இதுகளைப் பேர் சொல்லியே தள்ளி வச்சிருக்கு."

"அப்ப காட்டுமாடு? மிளா? வரையாடு?"

"குளம்பு பிளந்து, அசை போட்டா, அடையாளம் சரிதான்."

ஓட்டிக்கொண்டிருந்த லிங்கேஸ்வரன் அன்றைய நாலு வார்த்தையில் மூன்றைச் செலவழித்தான். "பாரஸ்ட்காரன் உள்ள போட்ருவான்."

ரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். யானையைக் கேட்டாள், மயிலைக் கேட்டாள், தேனைக் கேட்டாள். தேனீ ஆகாது, ஆனால் தேன் ஆகும் என்றபோது கையைத் தட்டினாள். பறவையில் வேட்டையாடித் தின்கிறது எதுவும் ஆகாது. கோழி, புறா, வாத்து என்று முன்னோர் தின்று வந்ததை மட்டும் தின்பார்கள் என்றார். நடுவில் அவர் வேறு சில விவரங்களும் சொன்னார். அறுத்த பிறகு நுரையீரலைப் பார்ப்பேன், குறை இருந்தால் அந்த ஆடு எங்களுக்கு ஆகாது. பின்னங்காலில் ஒரு நரம்பு இருக்கிறது, அதை எடுக்காமல் பின்பக்கக் கறியைத் தொடக்கூடாது. அதனால் நாலு கிடாவாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த நேரம் ரோஜா யானை அசை போடுமா போடாதா என்று புருசனோடு வாதாடிக்கொண்டிருந்தாள். நுரையீரல் என்றது காதில் விழுந்தது. நரம்பு விழவில்லை.

"தேவாரம் மலையடிவாரத்துல மேஞ்ச கிடாண்ணே இது. சுத்தமான காத்து. நுரையீரல்ல என்ன குறை வந்துரும்? ரெண்டே போதும்" என்று சொல்லி, மருதாயியிடம் நல்ல இளசாக ரெண்டு கிடாக்களைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலம் குரங்கணியில் முதல் அதிசயம் நடந்தது. பெஞ்சமின் வேட்டி மாதிரி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கொட்டகுடி ஆற்றில் இறங்கி, புதுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் முழுசாக முக்கி, வாய்க்குள் ஒரு மந்திரம் சொல்லி எடுத்தார். துணி துவைக்க வந்த பெண்கள் துவைப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ரோஜா கரையில் நின்று ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துக் கொடுத்தாள். குளிர்ந்த தண்ணீரில் அந்தப் பெரிய அண்டா அமுங்கமாட்டேன் என்று மிதந்தபோது, அவளும் சேலையோடு இறங்கி அழுத்தப் போனாள். "முழுசா முங்கணும், எல்லா இடத்துலயும் தண்ணி படணும், உன் கை கொஞ்சம் தளர்வா இருக்கட்டும்" என்று அவர் கத்த, ரெண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் அண்டாவோடு மல்லுக்கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைத்துரையின் களத்தில் பாதி ஊர் கூடிவிட்டது. பெஞ்சமின் மரப்பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தார். முனையே இல்லாத, சதுரமாக முடிகிற நீளக் கத்தி. விளிம்பு முழுவதையும் நகத்தால் தடவிப் பார்த்தார். மயிரிழை அளவு பிசிறு இருந்தாலும் அறுத்தது செல்லாதாம். மந்திரம் சொன்னார். ஒரே இழுப்பு. கிடா துடிக்கக்கூட நேரமில்லை. ரோஜா எத்தனையோ கிடா வெட்டு பார்த்தவள். அந்தக் கை ஓடிய விதத்தைப் பார்த்து அவளுக்கே மூச்சு நின்றது.

பிறகு அவர் நெஞ்சுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். முகம் சுருங்கியது. நுரையீரலை வெளியே எடுத்தார். ஓரத்தில் ஒரு இடம் விலா எலும்போடு ஒட்டியிருந்து பிய்ந்து வந்தது தெரிந்தது. அதில் காற்றை ஊதி, தண்ணீர் நிறைந்த குண்டாவில் வைத்தார். ஊரே எட்டிப் பார்த்தது. ஒட்டியிருந்த இடத்திலிருந்து பொட்டுப் பொட்டாகக் குமிழி கிளம்பியது.

"ஆகாது" என்றார்.

ஊருக்கு அதன் அர்த்தம் உடனே விளங்கிவிட்டது. அவர்களுக்கு ஆகாவிட்டால் நமக்கு! கூட்டம் ஓவென்று கத்தியது. வெள்ளைத்துரையும், "சரி, ஊருக்கே பங்கு போட்டுருங்கப்பா" என்று சொல்லிவிட்டார். அமாவாசை என்கிற கிழவர் ரெண்டு கையையும் மேலே தூக்கி, "ஆத்தா ஜக்கம்மா, ரெண்டாவதும் ஒட்டியிருக்கணும் தாயே" என்று வேண்டினார்.

"யோவ் பெருசு! வாயைக் கழுவுய்யா!" என்று ரோஜா பாய்ந்தாள். ஆனால் அவளுக்கும் உள்ளே பயம்தான். மலைக்காத்து, மலைக்காத்து என்று பீற்றிக்கொண்டது நாம்தானே.

ரெண்டாவது கிடா. கத்தி. கை உள்ளே போனது. இந்தத் தடவை அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நுரையீரல் வெளியே வந்தது. ரோஜாப்பூ நிறத்தில், பளபளவென்று. ஊதினார். தண்ணீரில் வைத்தார். ஒரு குமிழி இல்லை.

"கோஷர்!"

ரோஜாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். அவளுடன் மசாலா அரைக்க வந்திருந்த ராக்கு சேர்ந்து போட்டாள். முந்தின நாள் ஆற்றில் துணி துவைத்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முந்தின நாளே வந்து ஆற்றோர அறைகளில் தங்கியிருந்த தானேக்காரர்கள் என்னமோ ஏதோ என்று வெளியே ஓடி வந்தார்கள்.

குலவை அடங்கியபோதுதான் இடி விழுந்தது. பெஞ்சமின் கிடாவைக் குறுக்கே ரெண்டாகப் பிரித்து, முன்பாதியை மட்டும் எடுத்து வைத்தார்.

"பின்னால உள்ளது?" என்றாள் ரோஜா.

"நேத்தே சொன்னேனே. நரம்பு எடுக்கணும். நல்லா நிதானமாச் செய்யணும், இன்னைக்கு அதுக்குப் பொழுது இல்ல. இதை ஊருக்குக் குடுத்துரலாம்."

முப்பத்தைந்து பேருக்கு ஒரு கிடாவின் முன்பாதி! ஆளுக்கு ஒரு வாய்கூட வராது. ரோஜா ஒரு கணம் நின்றாள். ஒரே கணம்தான். "அண்ணே, இன்னொண்ணு கொண்டாந்தா அறுப்பீங்களா?"

"கறியை ஊற வைக்கணும், உப்புப் போட்டு ரத்தத்தை வடிக்கணும், மூணு தடவை கழுவணும், அப்புறம்தான் அடுப்பு. வெரசாக் கொண்டா."

தேவாரத்துக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. ரோஜா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஊருக்குள்ள யாரு வீட்ல நல்ல கிடா இருக்கு?"

சின்ராசு என்பவர் முன்னால் வந்தார். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா சாமிக்கு நேந்து விட்டது. பரவாயில்லன்னா..."

ரோஜாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் பெஞ்சமினிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். வேறு சாமிக்கு என்று விட்டதை அவர்கள் தொடமாட்டார்கள். சின்ராசுக்கும் உள்ளூர நிம்மதி.

அப்புறம்தான் மொக்கையன் வாயைத் திறந்தான். கையில் முதல் கிடாவின் பங்கு தேக்கிலையில் தொங்கியது. "கறியை வாங்கிட்டு இல்லன்னு சொல்ல வாய் வரல அக்கா. என் கிடா ஒண்ணு மேல காப்பித் தோட்டத்துல மேயுது. யாருக்கும் நேரல. பிடிச்சுக்கங்க."

பிடிச்சுக்கங்க என்றதுதான் தாமதம், பாதிக் கூட்டம் மலைமேல் ஓடியது. அந்தக் கிடா இப்படி ஒரு கூட்டத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கொம்பை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, காப்பிச் செடிகளுக்குள் புகுந்து பறந்தது.

பின்னாலிருந்து பெஞ்சமின் கத்தினார்: "தங்கச்சி! அடிபடக்கூடாது! உயரத்துல இருந்து விழுந்தாலோ, எலும்பு உடைஞ்சாலோ செல்லாது!"

ரோஜா நிமிர்ந்தாள். மேலே பார்த்தால் ஆளுக்கு ஒரு கல்லோடு நிற்கிறார்கள். "கல்லைக் கீழ போடுங்கப்பா! யாரும் விரட்டாதீங்க! பாறைப் பக்கம் ஒதுக்கிராதீங்க!" என்று அலறிக்கொண்டே, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி ஏறினாள். கிடா ஒரு பாறை விளிம்பில் போய் நின்று கீழே எட்டிப் பார்த்தது. எல்லாரும் அப்படியே உறைந்து போனார்கள். ஒரு அடி முன்னால் வைத்தால் கிடாவும் போச்சு, விருந்தும் போச்சு.

அப்போது லிங்கேஸ்வரன் பக்கத்துப் பலாமரத்தில் ஒரு கொப்பை ஒடித்து ரோஜாவின் கையில் கொடுத்தான். பலா இலைக்கு மசியாத ஆடு கிடையாது. ரோஜா உட்கார்ந்தாள். கிடாவைப் பார்க்கவே இல்லை என்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, இலையை மெல்லச் சலசலக்க விட்டாள். "ட்டுர்ர்ர்... பே... வாடா என் ராசா..." உலகத்தில் ரோஜா அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கிடா காதை ஆட்டியது. ஒரு அடி வந்தது. இன்னொரு அடி. இலையைக் கவ்வி இழுத்தது. ரோஜா அதன் கழுத்தை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"பிடிச்சுட்டேன்!" என்று அவள் போட்ட சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. லிங்கேஸ்வரன் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரம் சுமக்கிறவன் மாதிரி காலை ஊன்றி ஊன்றி இறங்கினான்.

மூன்றாவது தடவையாகக் கை நெஞ்சுக்குள் போனது. பெஞ்சமின் வெகுநேரம் துழாவினார். இப்போது அமாவாசைக் கிழவரே, "போதும்டா சாமி, நல்லதாவே இருக்கட்டும்" என்று முணுமுணுத்தார். அவ்வளவு ஓடி ஓடிப் பிடித்த பிறகு ஊரே கட்சி மாறிவிட்டிருந்தது. நுரையீரலை ஊதி, தண்ணீரில் வைத்து, எடுத்து, துடைத்து, அவர் நிமிர்ந்தார்.

"கோஷர்" என்று அவர் சொல்லும் முன்பே குரங்கணி முழுக்கக் குலவை.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். கறி தண்ணீரில் ஊறியது. கல் உப்பை அள்ளி எல்லாப் பக்கமும் படும்படி பெஞ்சமின் தேய்த்து, சரிவான பலகையில் பரப்பினார். ரத்தம் சொட்டுச் சொட்டாக வடிந்தது. ரோஜாவின் கைமணத்துக்கு ஊர் முழுக்கப் பேர் வாங்கித் தந்தது ரத்தப் பொரியல். ஒரு துளி ரத்தம்கூட ஆகாது என்பதை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டாள். ஈரலை மட்டும் தனியாக நெருப்பில் வாட்டச் சொன்னார். "தயிர்ல ஊற வைக்கவா?" என்று கேட்டதற்கு, கறியோடு பாலோ தயிரோ நெய்யோ சேரவே கூடாது என்று சொல்லி, "எங்க வீட்ல தேங்காய்ப் பால்தான்" என்றார்.

தேங்காய்ப் பாலா! ராக்குவும் ரோஜாவும் உட்கார்ந்து தேங்காயாகத் துருவித் தள்ளினார்கள். அடுப்பை மட்டும் பெஞ்சமின் தன் கையால் பற்ற வைத்தார். அது அவர்களில் ஒருவர் செய்ய வேண்டியதாம். மல்லி, மிளகு, பட்டை, பச்சை ஏலக்காய் எல்லாம் எண்ணெயில் பொரிந்து மணம் கிளம்பிய நேரத்தில் ரோஜா தலையை நிமிர்த்தினாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. களம் முழுக்க நிழல்.

கரண்டி கையிலிருந்து நழுவியது. "போச்சு" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கறி இன்னும் பாதிகூட வேகவில்லை. காலையிலிருந்து பட்டபாடெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

பெஞ்சமின் பதறி ஓடி வந்தார். "என்ன ஆச்சு?"

"பொழுது அடைஞ்சிருச்சேண்ணே!"

அவர் மேற்கே பார்த்தார். பிறகு கிழக்கே கையைக் காட்டினார். தூரத்தில் போடி ஊரும், அதற்கு அப்பால் வயல்களும் பளீரென்று வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"அது மலை மறைச்சது தங்கச்சி, சூரியன் அடையல. கீழ பாரு, இன்னும் வெயில் இருக்கு. நமக்குப் பொழுது இருக்கு, எந்திரி!"

ரோஜா எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. விறகை உள்ளே தள்ளினாள். குழம்பு கொதித்தது. தேங்காய்ப் பாலை ஊற்றினாள். பக்கத்து அடுப்பில் கட்லா மீன் புளிச்சாற்றில் தளதளத்தது. வெள்ளைத்துரை கடிகாரத்தைப் பார்த்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். போடி வயல்களில் வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, மெல்ல ஏறிக்கொண்டே போய்க் கிழக்குக் கரட்டு உச்சியில் ஒட்டிக்கொண்டது. ரோஜா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். வெண்ணெயாகக் கரைந்தது.

"இறக்குங்கடா!"

அண்டா இறங்கியது. உள்ளே பெண்கள் ஓய்வு நாளுக்கென்று ரெண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, முகத்தைக் கையால் மூடி வேண்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண், தாப்னே என்று பெயர், வேண்டி முடித்ததும் நேராக வெளியே ஓடி வந்து, கரியும் வேர்வையுமாக நின்ற ரோஜாவைக் கட்டிக்கொண்டாள்.

அன்று அவர்கள் மேசையைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். மாப்பிள்ளையின் அப்பா மூன்றாம் தடவை சோறு வாங்கினார். ஊருக்குள்ளும் வீட்டுக்கு வீடு கறி மணந்தது. கொல்லைப்பக்கம் ரோஜா, லிங்கேஸ்வரன், ராக்கு மூவரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, லிங்கேஸ்வரன் ஒரு வாய் தின்றுவிட்டு, "தேங்காப் பால் நல்லாருக்கு" என்றான். அவன் வாயால் பாராட்டு வருவது வருடத்துக்கு ஒருமுறை. ரோஜாவுக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் அவள் பிழைப்பு வேறு தினுசாகிவிட்டது. பெஞ்சமின் சொல்லிச் சொல்லி, பம்பாய்ப் பக்கத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் யூதக் குடும்பங்கள் குரங்கணிக்கு வந்தால் ரோஜாவைத்தான் தேடுகிறார்கள். அவர்களுக்கென்று தனி அறை, தனிப் பாத்திரம். கறிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. சந்தேகம் வந்தால் உடனே தானேவுக்குப் போன். ஒரு தடவை போடிமெட்டுப் பாதையில் ஜீப்பை நிறுத்தி, சரிவில் படுத்துக் கிடந்த காட்டுமாட்டைக் காட்டி, "என்னங்க, அசை போடுது பாருங்க, அசை போடுது பாருங்க!" என்று குதித்திருக்கிறாள். ஜீப்பில் இருந்த எஸ்டேட் ஆட்கள் இந்தம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

தாப்னேயின் கல்யாணம் வைகாசியில் நடந்தது. ரெண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ரோஜா தானேவில் போய் இறங்கியதும் பழக்க தோசத்தில் நேராகச் சமையல்கட்டைத் தேடிப் போனாள். பெஞ்சமின் வழியை மறித்துக்கொண்டு நின்றார். அவளையும் லிங்கேஸ்வரனையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பெண் வீட்டாரோடு முதல் மேசையில் உட்கார வைத்தார். இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு விருந்தில் உட்கார்ந்து, இன்னொருத்தர் பரிமாற அவள் சாப்பிட்டதே இல்லை. கையை எங்கே வைப்பது என்றுகூட முதலில் தெரியவில்லை. தாப்னேயே கல்யாணச் சேலையோடு வந்து அவள் தட்டில் கறியை அள்ளி வைத்தாள்.

ரோஜா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். "உப்பு கொஞ்சம் கம்மி" என்று புருசன் காதில் கிசுகிசுத்துவிட்டு, அடுத்த வாய்க்குள் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.